எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது

வங்கிக் கவுண்டரிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ ரேஷன் கடையிலோ 'சர்வர் டவுன்' என்ற பதிலை ஒருமுறையாவது கேட்டுத் திரும்பாதவர் நம்மில் அரிது. கையில் டோக்கனோடு நிற்கும்போது ஒரு கேள்வி எழும். இது பழுதாகிக் கிடப்பது நடத்துகிறவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் ஏன் இன்னும் சரியாகவில்லை? தெரியாது என்றால், இவ்வளவு பெரிய நிறுவனத்தில் கணினிகளைக் கவனிக்க ஒருவருமே இல்லையா?

ஆள் உண்டு. ஆளைவிட அதிகமாக, கவனிக்கிற மென்பொருள் உண்டு. சர்வர்கள், அவற்றை இணைக்கும் சுவிட்சுகள், வாசலில் நிற்கும் பாதுகாப்புப் பெட்டிகள் என எல்லாவற்றையும் இரவு பகலாக விசாரித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் அவை. கண்காணிப்பு மென்பொருள் என்று அழைப்போம். சுவரில் மாட்டிய திரையில் சாதனத்துக்கு ஒரு புள்ளி. நலமாக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், விழுந்தால் சிவப்பு. சந்தையில் இவை டஜன் கணக்கில் கிடைக்கின்றன. எந்த விற்பனையாளரைக் கூப்பிட்டாலும் வசதிகளை வரிசையாக எழுதி, தன் பொருளுக்கு மட்டும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்த ஒப்பீட்டு அட்டவணையை நீட்டுவார். அந்த அட்டவணையை வைத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அதைக் காட்ட டென்மார்க் வரை போகவேண்டியிருக்கிறது.

வெந்நீர்க் கம்பெனிகள்

ஐக்கிய நாடுகள் சபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மின் ஆளுமைத் தரவரிசை வெளியிடுகிறது. 2018, 2020, 2022, 2024 என்று நான்கு முறையும் முதலிடம் டென்மார்க்குக்கு. அரசின் கடிதம் பெரும்பாலானோருக்குத் தபாலில் வராது, மின் அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும். அங்கே சர்வர் நின்றால் வரிசைகூடச் சேராது. நிற்பதற்குக் கவுண்டரே குறைவு.

நாம் அங்கே போவதற்கு இன்னொரு காரணம் வெந்நீர். டேனிஷ் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஊருக்குப் பொதுவான நிலையத்தில் காய்ச்சி மண்ணுக்கடியில் குழாயில் அனுப்பும் நீரால்தான் குளிர்காலத்தில் கதகதப்பாகின்றன. 1973 எண்ணெய் நெருக்கடியில் பலமாக அடிபட்ட நாடு அது. 1979இல் வெப்ப வழங்கலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி இந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருநகரங்களில் இந்த நிறுவனங்கள் பெரியவை. சிற்றூர்களில் பல கூட்டுறவுகள். வெந்நீர் வாங்கும் வீட்டுக்காரர்களே உரிமையாளர்கள். ஊழியர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருப்பார்கள். கணினி வேலையை வெளியே ஓர் ஒப்பந்ததாரரிடம் விட்டிருப்பார்கள். ஆனால் பம்பு, வால்வு, கொதிகலன் எல்லாம் கணினி சொல்லித்தான் ஓடுகின்றன.

அப்படி ஒரு நிறுவனத்தை நாமே கற்பனையில் எழுப்பிக்கொள்வோம். ஜட்லாந்து தீபகற்பத்தில் ஒரு சிற்றூர். கணினி, சர்வர், சுவிட்ச், கட்டுப்பாட்டுப் பெட்டி என 40 சாதனங்கள். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, ஆளில்லாத மூன்று பம்பு நிலையங்கள். இணையத்துக்கும் உள்ளே இருக்கும் வலையமைப்புக்கும் இடையில் ஒரு ஃபயர்வால். வேண்டிய போக்குவரத்தை விட்டு வேண்டாததைத் தடுக்கும் பெட்டி. அத்தியாயம் முழுக்க இந்த ஊர் நமக்குத் தேவைப்படும்.

நான்கு விசாரிப்புகள்

கண்காணிப்பு மென்பொருள் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. முதலாவது, 'இருக்கிறாயா?' 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்ற பொறியாளர், வேலை செய்யாத ஒரு வலையமைப்பைச் சரிபார்ப்பதற்காக ஒரு குட்டி நிரல் எழுதினார். பெயர் பிங். ஒரு சாதனத்துக்குச் சின்னத் தரவுத் துணுக்கு ஒன்றை அனுப்பும். இந்தத் துணுக்கைப் பொதி என்போம். இணையத்தில் போகும் எதுவும் பொதிகளாகத்தான் போகிறது. அனுப்பிய பொதிக்குப் பதில் வந்தால் சாதனம் உயிரோடு இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்தும் கண்காணிப்புத் திரைகளில் தெரியும் பச்சைப் புள்ளிகளில் பல இந்த ஒரே கேள்விக்கு வந்த பதில்தான்.

இரண்டாவது, 'எப்படி இருக்கிறாய்?' செயலி எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு மீதி, வெப்பம் எத்தனை டிகிரி, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு தரவு ஓடுகிறது என்று சாதனத்திடமே கேட்டுக் குறித்துக்கொள்வது. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் ஒரே மொழியில் கேட்கலாம் என்ற ஏற்பாடு 1988இல் வந்தது. எஸ்என்எம்பி என்று பெயர். 1990களின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டோபியாஸ் ஓட்டிகர், அதன் ஒற்றை இணைய இணைப்பு எவ்வளவு நெரிசலில் இருக்கிறது என்று பார்க்க, இந்தப் பதில்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடமாக்கும் நிரலை எழுதி இலவசமாக விட்டார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஐந்து நிமிடக் கணக்கும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, 'என்ன நடந்தது?' யார் உள்ளே வந்தார், எது தோற்றது என்று ஒவ்வொரு சாதனமும் வரிவரியாக எழுதி வைக்கும் லாக், அதாவது நிகழ்வுப் பதிவேடு, இதற்குப் பதில். நான்காவது, 'யாரோடு பேசினாய்?' எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எப்போது, எவ்வளவு தரவு போனது என்ற பட்டியல். பேச்சின் உள்ளடக்கம் அதில் இருக்காது. நம் தொலைபேசிக் கட்டண ரசீதில் வரும் அழைப்பு விவரம் மாதிரியான தகவல் மட்டும்தான். ஓட்டப் பதிவு என்று சொல்லலாம்.

விற்பனை அட்டவணையில் 200 வசதிகள் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த நான்கின் கிளைகள்தான். இவற்றில் எது உங்களுக்கு எப்போது உதவும் என்பதை 2023 மே மாதம் சொல்லிக்கொடுத்தது.

மே 11

டென்மார்க்கின் மின்சார, வெப்ப, குடிநீர் நிறுவனங்கள் சேர்ந்து லாபநோக்கில்லாத ஒரு பாதுகாப்பு மையம் வைத்திருக்கின்றன. பெயர் செக்டர்செர்ட். உறுப்பினர்களின் இணைய வாசலில் உணரிகளைப் பொருத்தி, நாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் போகும் வரும் போக்குவரத்தை ஒரே இடத்திலிருந்து பார்க்கிறது. அந்த மையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில்தான் இந்தக் கதை இருக்கிறது.

தைவானைச் சேர்ந்த சைக்ஸெல் நிறுவனத்தின் ஃபயர்வால்கள் டேனிஷ் வெந்நீர், மின்சாரக் கம்பெனிகள் பலவற்றில் இருந்தன. 2023 ஏப்ரல் 25 அன்று அவற்றில் ஒரு கடுமையான ஓட்டை இருப்பதாக அந்த நிறுவனமே அறிவித்து, சரிசெய்த புதிய மென்பொருளையும் வெளியிட்டது. ஓட்டை இப்படி: தொலைவிலிருந்து பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்துவதற்காக ஃபயர்வாலில் 500 என்ற எண்ணுள்ள வாசல் இருக்கும். அந்த வாசலுக்குத் திட்டமிட்டு வடிவமைத்த ஒரே ஒரு பொதியை அனுப்பினால் போதும். பயனர்பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அனுப்பியவர் சொல்கிற கட்டளையை ஃபயர்வால் முழு அதிகாரத்தோடு நிறைவேற்றும். மே 1 அன்று செக்டர்செர்ட் உறுப்பினர்களுக்கு, உடனே புதுப்பியுங்கள் என்று எச்சரிக்கை அனுப்பியது.

மே 11 அன்று 16 நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் அந்தப் பொதி வந்தது. 11 நிறுவனங்களின் ஃபயர்வால் அந்தக் கணமே தாக்கியவர் வசமானது. வசமான பெட்டிகள் தம் அமைப்பு விவரங்களையும் பயனர்பெயர்களையும் தாக்கியவருக்கு அனுப்பிவைத்தன. தாக்கியவர்கள் ஊரெல்லாம் கதவு தட்டிப் பார்க்கவில்லை. இந்த ஓட்டை உள்ள பெட்டி எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து வந்ததுபோல, அந்தந்த முகவரிக்கே நேராகப் போனார்கள்.

இப்போது நம் கற்பனை ஊர் அந்தப் பதினொன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புத் திரையில் என்ன தெரிந்திருக்கும்?

'இருக்கிறாயா?' என்று கேட்டால் ஃபயர்வால் 'இருக்கிறேன்' என்றே சொல்லும். உண்மையும் அதுதான், அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, இன்னொருவர் சொல்கேட்டு. 'எப்படி இருக்கிறாய்?' என்ற கேள்வியும் பயன்படாது. ஒரு பொதி வந்து சில வரித் தகவல் வெளியே போனதில் செயலியின் சதவீதம் ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும் ஐந்து நிமிடச் சராசரியில் கரைந்துபோயிருக்கும். ஆக, பெரும்பாலானோர் வாங்கி மாட்டியிருக்கும் திரை அன்று முழுக்கப் பச்சையாகத்தான் இருந்திருக்கும். லாக்? ஏதாவது ஒரு வரி பதிந்திருக்கலாம். ஆனால் ஃபயர்வால் தன் பதிவேட்டைத் தனக்குள்ளேயே வைத்திருந்தால், முழு அதிகாரத்தோடு உள்ளே வந்தவர் அந்த வரியை அழித்துவிட்டுப் போகலாம். நடந்த நொடியே வேறொரு சர்வருக்கு நகல் போகும்படி அமைத்திருந்தால் மட்டுமே அது சாட்சி.

நான்காவது கேள்விதான் இங்கே பேசும். ஃபயர்வால் என்பது பிறர் பேச்சைக் கடத்துகிற பெட்டி. மென்பொருள் புதுப்பிப்பு, நேரம் சரிபார்ப்பு போன்ற சிலவற்றைத் தவிர, தானாக இணையத்தில் யாரையும் அழைக்க அதற்கு வேலையில்லை. அப்படிப்பட்ட பெட்டி, இதுவரை பேசியிராத ஒரு வெளிநாட்டு முகவரியோடு திடீரென்று பேசியது. ஓட்டப் பதிவில் அது ஒரு வரியாக நிற்கும். அந்த வரியை விசித்திரம் என்று கண்டுகொள்ள, வழக்கம் எது என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். நம் ஊரில் உட்கார்ந்து பார்த்தால் அது ஒற்றைப் பொதி, ஒற்றை வரி. ஒரு நாளில் இணையம் ஒரு நிறுவனத்தின் வாசலில் கொட்டும் குப்பையில் இது எந்த மூலை? செக்டர்செர்ட்டுக்கு அது தெரிந்ததற்குக் காரணம், அதே விசித்திரம் பல ஊர்களின் வாசலில் ஒரே நேரத்தில் நடந்ததை ஒரே இடத்திலிருந்து பார்த்ததுதான். ஒரே நேரத்தில் அடித்ததால், ஒரு கம்பெனி இன்னொன்றுக்குப் போன் போட்டு எச்சரிக்கவும் அவகாசமில்லை. மே 11 இரவே மையத்தின் ஆட்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஓட்டைகளை அடைத்தார்கள். வெந்நீர் நிற்கவில்லை.

மே 22இல் இரண்டாம் அலை. இந்த முறை வேறு ஓட்டைகள் வழியாகவும் வந்திருக்கலாம். பிடிபட்ட சில ஃபயர்வால்கள் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் உள்ள இலக்குகளின் மீது தாக்குதல் நடத்தும் கூலிப்படையில் சேர்க்கப்பட்டன. சில நிறுவனங்கள் இணையத்தைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக இயங்கின. ஒரு நிறுவனத்துக்குத் தன் தொலைதூர நிலையங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போக, ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் கையால் இயக்கவேண்டிவந்தது. மாதத்தின் மொத்தக் கணக்கு 22 நிறுவனங்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு சேர்த்துப் பேசப்படும் சாண்ட்வர்ம் குழுவின் சாயல் ஓரிடத்தில் தெரிந்ததாக அறிக்கை சொன்னது. 2024 ஜனவரியில் ஃபோர்ஸ்கவுட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதை மறுத்து, இரண்டு அலைக்கும் தொடர்பில்லை, இரண்டாவது உலகெங்கும் கண்மூடித்தனமாக நடந்த ஒன்று என்றது. அந்த வழக்கு நமக்கு இங்கே தேவையில்லை.

அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி தாக்கியவர்களைப் பற்றியது இல்லை. எச்சரிக்கை வந்தும் ஏன் புதுப்பிக்கவில்லை என்பதற்கான காரணங்கள்தான். சிலர், பெட்டி புதியது, அதனால் மென்பொருளும் புதிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். சிலர், அது ஒப்பந்ததாரர் வேலை என்று இருந்துவிட்டார்கள். இன்னும் சிலருக்குத் தங்களிடம் அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது. நான்கு கேள்விகளுக்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது: என்னிடம் என்னென்ன இருக்கிறது, எதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது? பட்டியலில் இல்லாத பெட்டியை எந்த மென்பொருளும் விசாரிக்காது. அதற்குச் சிவப்பும் கிடையாது, பச்சையும் கிடையாது.

நாளுக்கு 172

சரி, எல்லாவற்றையும் கேட்டுவிடலாமே, எது கொஞ்சம் மாறினாலும் எச்சரிக்கை கொடு என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் 40 சாதனங்கள். ஒவ்வொன்றிலும் 15 அளவீடு என்றால் ஒரு சுற்றுக்கு 600. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாளுக்கு 288 சுற்று. மொத்தம் 1,72,800 அளவீடுகள். மென்பொருள் மிகத் திறமையானது, ஆயிரத்துக்கு ஒன்றில்தான் தவறாகப் பதறும் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 172 பொய் அலாரம். எட்டு நிமிடத்துக்கு ஒன்று, நள்ளிரவு உட்பட.

அந்த ஊரின் ஒற்றை ஐடி ஆள் என்ன செய்வார்? முதல் வாரம் ஒவ்வொன்றையும் எழுந்து பார்ப்பார். இரண்டாம் வாரம் அலாரம் மெயிலுக்குத் தனி ஃபோல்டர் போட்டுவிடுவார். மூன்றாம் வாரம் அந்த ஃபோல்டரைத் திறக்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்கு வழக்கமான வைத்தியம், தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் அலாரம் என்று வைப்பது. பொய் அலாரம் ஏறக்குறைய காணாமல் போகும். கூடவே செய்தி பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாகும். பம்பு நின்றுபோனால் பதினைந்து நிமிடத்தில் வீடு குளிர்ந்துவிடாது, தாங்கும். ஒற்றைப் பொதித் தாக்குதலுக்கு அது அனந்தகாலம். அதனால் எல்லா அளவீட்டுக்கும் ஒரே விதி வைப்பது தவறு, அளவீட்டுக்கு அளவீடு விதி மாறவேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் உண்மையான வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

ஒரு சுவிட்ச் செத்தால் அதன் பின்னால் இருக்கும் 12 சாதனங்களும் பதில் சொல்லாது. சாதாரண மென்பொருள் 13 அலாரம் அடிக்கும். எது எதன் வழியாக இணைந்திருக்கிறது என்று அறிந்த மென்பொருள் ஒன்றே ஒன்று அடித்து, சுவிட்சைப் பார் என்று சொல்லும். அதேபோல ஜனவரி மாதக் காலை ஆறு மணிக்கு வெந்நீர் நிலையம் முழுவீச்சில் ஓடும், ஜூலையில் சும்மா இருக்கும். '80 சதவீதம் தாண்டினால் சொல்' என்ற நிலையான வரம்பு குளிர்காலத்தில் அரற்றும், கோடையில் ஊமையாகிவிடும். இந்த நேரத்துக்கு, இந்தக் கிழமைக்கு, இந்தப் பருவத்துக்கு எது வழக்கம் என்று கற்றுக்கொள்ளும் திறன் வேண்டும். விற்பனை அட்டவணையில் இது 'ஸ்மார்ட் அலர்ட்' என்று ஒரே டிக்கில் முடிந்துவிடும். எத்தனை ஸ்மார்ட் என்று எழுதியிருக்காது.

காவலாளியின் சாவிக்கொத்து

கண்காணிப்பு மென்பொருள் கண்டுபிடிக்கத் தவறினால் ஒரு நஷ்டம். அதுவே வாசலாகிவிட்டால்?

அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டையும் ராத்திரி சுற்றிப்பார்க்க ஒரு காவலாளி வைக்கிறோம். உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்றால் அவர் கையில் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கவேண்டும். திருடனுக்கு எந்தப் பூட்டையும் உடைக்கத் தேவையில்லை. காவலாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும். எல்லாச் சர்வரையும் விசாரிக்கும் மென்பொருளிடமும் பல சமயம் எல்லாச் சர்வரின் கடவுச்சொல்லும் இருக்கிறது.

அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரையன், பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் விரும்பி வாங்கிய கண்காணிப்பு மென்பொருள். 2019இல் அதன் தயாரிப்புக்கூடத்துக்குள்ளேயே புகுந்த ஒரு குழு, 2020 மார்ச் முதல் வெளியான அதிகாரபூர்வப் புதுப்பிப்புகளில் ஒரு பின்வாசலை வைத்துவிட்டது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை நம்பிக்கையோடு இறக்கி நிறுவினார்கள். புகுந்த பின்வாசல் உடனே வேலையில் இறங்கவில்லை. இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டுத்தான் வெளியே பேச ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம், தன் வீட்டிலேயே நடந்த திருட்டை ஆராயப்போய் இதைக் கண்டுபிடித்தது. அந்தக் குழு ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையைச் சேர்ந்தது என்று 2021 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன.

அந்த 18,000இல் ஒன்று டென்மார்க்கின் மத்திய வங்கியான டென்மார்க்ஸ் நேஷனல்பேங்க். 1818இல் தொடங்கிய, நாட்டின் நாணயத்தைப் பாதுகாக்கும் வங்கி. அங்கே பின்வாசல் ஏழு மாதம் திறந்து கிடந்தது என்று வெர்ஷன்2 என்ற டேனிஷ் தொழில்நுட்பப் பத்திரிகை, அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கி 2021 ஜூனில் வெளியிட்டது. யாரும் அதன் வழியாக உள்ளே போய் எதையும் செய்ததற்கான அறிகுறி இல்லை என்று வங்கி பதில் சொன்னது. இருக்கலாம். ஆனால் மே 11 கதையில் புதுப்பிக்காதவர்கள் மாட்டினார்கள். இந்தக் கதையில் ஒழுங்காகப் புதுப்பித்தவர்கள் மாட்டினார்கள். 'எல்லாவற்றையும் உடனே புதுப்பி' என்ற ஒற்றை விதியை மனப்பாடம் செய்துகொண்டு தப்பிக்க வழியில்லை.

இதிலிருந்து ஒப்பீட்டுக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: இந்த மென்பொருளுக்கு எத்தனை சாவி வேண்டும்? படிக்க மட்டும் அனுமதி போதுமா, மாற்றும் அனுமதியும் கேட்கிறதா? வேண்டிய புதுப்பிப்பு முகவரியைத் தவிர இணையத்தில் வேறு யாரோடும் அது பேசமுடியாதபடி அடைத்து வைத்தாலும் வேலை செய்யுமா? பின்வாசல் இருந்தாலும் அது வெளியே இருக்கும் எஜமானரோடு பேசமுடியாவிட்டால் பயனில்லை. ஓரையன் விவகாரத்தில் சர்வரை அப்படி அடைத்து வைத்திருந்த இடங்களில் பின்வாசல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

கடையில் இருப்பவை

இப்போது பெயர்களுக்கு வரலாம். 1999இல் அமெரிக்காவில் ஈதன் கால்ஸ்டட் எழுதிய நாகியோஸ் இந்தக் குடும்பத்தின் பாட்டன். இலவசம். எதையும் விசாரிக்கச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றையும் எழுத்துக் கோப்பில் கையால் எழுதவேண்டும்; பொறுமையும் லினக்ஸ் பழக்கமும் உள்ளவருக்கு. ஜாபிக்ஸ், பால்டிக் கடலுக்கு அக்கரையில் லாத்வியாவின் ரிகாவில் பிறந்தது. வங்கி ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அலெக்ஸெய் விளாடிஷெவ் தன் தேவைக்காக எழுதி 2001இல் பொதுவில் விட்டார். மென்பொருள் இலவசம், உதவி வேண்டுமென்றால் கட்டணம். எது எதைச் சார்ந்தது என்ற அறிவும், வழக்கத்திலிருந்து விலகுவதைக் கணிக்கும் வசதியும் அதில் இருக்கின்றன. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து வரும் பிஆர்டிஜி, விண்டோஸ் தெரிந்தவர் ஒரு பிற்பகலில் நிறுவி ஓடவிடக்கூடியது. பெர்லினில் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் 2012இல் தொடங்கிய புரோமிதியஸ், நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் கிளவுட் சேவைகளுக்குப் பொருத்தம். நம் வெந்நீர்க் கம்பெனிக்கு அது தேவையில்லை.

பிறகு சென்னை. இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்த வேலையே, நாம் மேலே பார்த்த எஸ்என்எம்பிக்கான கருவிகள். மின்னஞ்சலும் கணக்குப் புத்தகமும் பிறகு வந்தவை. அவர்களுடைய மேனேஜ்என்ஜின் பிரிவின் ஆப்மேனேஜர் உலகெங்கும் விற்கிறது. நம்மூர்ப் பொருள் என்று சலுகை தரவேண்டாம்: 2021 செப்டம்பரில் அதே பிரிவின் இன்னொரு மென்பொருளில் இருந்த கடுமையான ஓட்டையைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. இந்தக் கடைத்தெருவில் ஓட்டையே வராத பொருள் எதுவும் இல்லை. வந்தபோது எத்தனை வேகத்தில் அடைத்தார்கள் என்பதைப் பாருங்கள்.

விலை கணக்கிடும் முறை பலரும் கவனிக்காத விஷயம். ஆப்மேனேஜர் சாதனத்தை எண்ணுகிறது. நம் ஊர் அதற்கு 40. பிஆர்டிஜி சென்சாரை, அதாவது தனித்தனி விசாரிப்பை எண்ணுகிறது. சாதனத்துக்கு சராசரியாகப் பத்து என்று வைத்தால் அதே ஊர் 400. ஜாபிக்ஸ் எண்ணுவதே இல்லை. எது மலிவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் விசாரிப்புக்கு விசாரிப்பு காசு என்றால், ஆண்டு முடிவில் பட்ஜெட் இடிக்கும்போது நிர்வாகி 'இது எதற்கு, இது எதற்கு' என்று ஒவ்வொன்றாக அணைப்பார். முதலில் அணைவது, இதுவரை ஒருமுறைகூட அலாரம் அடிக்காதது. ஃபயர்வால் தானாக யாரையாவது அழைக்கிறதா என்ற விசாரிப்பு அந்த வகை. எண்ணாமல் விற்பவரிடம் இந்த ஆபத்து இல்லை, அதற்குப் பதில் அதை நிறுவிப் பராமரிக்கும் ஆளின் சம்பளம் இருக்கிறது.

வாங்கும் முன்

எந்த விற்பனையாளர் வந்தாலும் ஒரு மாதம் சோதனைக்குக் கேளுங்கள், எல்லோரும் தருவார்கள். ஒரு சுவிட்சின் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் செய்தி வந்தது, எத்தனை செய்தி வந்தது, யாருடைய போனுக்கு வந்தது? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதுப் பெட்டியை வலையமைப்பில் செருகுங்கள். அது பட்டியலில் தானாக ஏறுகிறதா? உங்கள் ஐடி ஆளிடம் சொல்லி, ஃபயர்வாலிலிருந்து இதுவரை பேசாத ஒரு முகவரியைத் தொடர்புகொள்ளச் செய்யுங்கள். திரை பச்சையாகவே இருந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு அரைக் கண்தான்.

டென்மார்க்கில் 2025 ஜூலை 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதியையொட்டி வந்த சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முக்கிய சேவை நிறுவனங்கள் ஒரு பெரிய பாதுகாப்புச் சம்பவம் தங்களுக்குத் தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு முதல் எச்சரிக்கை அனுப்பவேண்டும். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது தெரியவந்த நேரத்திலிருந்து. தெரியவராமலே போனதற்குக் கடிகாரம் இல்லை.

நம் வெந்நீர் ஊருக்கு என் தீர்ப்பைக் கேட்டால், லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் ஜாபிக்ஸ், இல்லாவிட்டால் ஆப்மேனேஜர் அல்லது பிஆர்டிஜி. மூன்றில் எதுவும் மோசமில்லை. இவற்றைவிட விலை கூடியதைத் தேடாததால் மிச்சமாகும் பணத்தை, பல நிறுவனங்களின் வாசலைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கூட்டு மையத்துக்கும், பெட்டிகளைப் புதுப்பிக்கும் கூலிக்கும் ஒதுக்கச் சொல்வேன். மே மாதம் மாட்டிய டேனிஷ் நிறுவனங்களில் சில, ஒப்பந்ததாரர் நிறுவுவதற்குக் கட்டணம் கேட்டதால் புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டிருந்தன. மென்பொருள் ஏப்ரல் 25இலிருந்தே இலவசமாகக் கிடைத்தது.